மூக்கர் வீட்டு வாடை

ஏரிக்கரையில் மூக்கரைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்தப் பெயரை வைத்தவர்கள் சோப்பு ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். கொப்பரையில் சோப்பு கொதிக்கும்போது மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், கிளறிப் பார்ப்பார்கள், மேலாளரைக் கூப்பிடுவார்கள். இவர் வாசலில் நின்றபடியே மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, "இறக்கலாம்" என்பார். அது தப்பியதே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார், மற்றவர்களும் மறுத்ததில்லை. பக்கத்து வீட்டில் எந்தக் கடை ரொட்டி வாங்கியிருக்கிறார்கள், வானத்தில் மேகமே இல்லாத நாளில் சாயங்காலம் மழை வருமா வராதா, எதிரே வருகிற ஆள் நேற்றுப் போட்ட சட்டையையே இன்றும் போட்டிருக்கிறானா, எல்லாம் அந்த மூக்குக்குத் தெரியும். சட்டை விஷயத்தில் பயந்த சிலர் அவரைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கமாகப் போய்விடுவதும் உண்டு.

ஆலையை மூடிய பிறகும் அந்த மூக்குதான் சோறு போட்டது. ஏரியில் தூண்டில் போடுகிறவர்களுக்கு மெத்தென்ற பிளாஸ்டிக்கில் பொய் இரை செய்து கொடுக்க ஆரம்பித்தார். குழாய் என்று எல்லோரும் சொல்லும் இரை. விரல் நீளம் இருக்கும். ஒரு முனை உருண்டையாக மூடியிருக்கும்; மறுமுனை திறந்து, நார் நாராகக் கீறப்பட்டுப் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். உள்ளே ஈயக்குண்டு வைத்த கொக்கியைச் செருகித் தண்ணீருக்குள் விட்டால், சுழன்று சுழன்று இறங்கும். நார்கள் அலையும். மீன் அதை நண்டு என்றோ இறால் என்றோ நினைத்து வாயைத் திறக்கும். அதற்கப்புறம் நினைக்க அதற்கு நேரம் கிடைக்காது.

வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதில் ஒற்றை கேஸ் அடுப்பு, அதன் மேல் ஒல்லியான, ஆழமான எவர்சில்வர் பாத்திரம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற திரவ பிளாஸ்டிக்கை அதில் ஊற்றிச் சூடாக்கினால் முதலில் கூழாகக் கெட்டிப்படும். புதிதாகச் செய்கிறவர்கள் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். விடாமல் கிளறினால் மறுபடி இளகி எண்ணெய் போலத் தெளியும். சாயத்தையும் மினுக்குத் தூளையும் போட்டு, வழவழவென்று தேய்த்த பித்தளைக் கம்பியை அதில் முக்கி, அவசரப்படாமல் மேலே இழுக்க வேண்டும். நுனியில் தொங்கும் சொட்டு, கம்பியைத் தலைகீழாகப் பிடித்தால் திரும்ப வழிந்து பரவும். இன்னொரு முக்கு. பிறகு தண்ணீரில் ஆறவைத்து, துடைத்து, கையுறையைக் கழற்றுவது போல உருவி எடுத்தால் குழாய். அடுத்த முக்குக்கு முன்னால் கம்பியில் ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் கொதிக்கிற பிளாஸ்டிக் முகத்துக்குத் தெறிக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கருகல். சூடு கொஞ்சம் கூடினால் போதும், அடியில் கருக ஆரம்பிக்கும். அந்தப் புகை லேசுப்பட்டது இல்லை, அமிலப் புகை. நல்ல நெஞ்சையே அரித்துவிடும். தெரிந்தவர்கள் பாத்திரத்தில் தெர்மாமீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ஏரியில் படகு வாடகைக்கு விடுகிறவர், அவர்தான் மூக்கரின் குழாய்களையெல்லாம் வாங்கி விற்பவர், ஒரு தடவை புதுத் தெர்மாமீட்டர் ஒன்றைப் பரிசாகவே கொண்டுவந்து நீட்டினார். மூக்கர் அதைப் பத்துப் பேர் முன்னால் திருப்பிக் கொடுத்தார்.

"அதை மூக்கு இல்லாதவனுக்குக் குடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதும் பொய்யில்லை. கருகல் ஆரம்பிக்கிற நொடியில், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்னால், பழைய பேட்டரியைத் திறந்தது போல ஒரு காரமான வாடை வரும். அது நூலளவு வந்தாலும் அவர் கை தானாக அடுப்பை அணைத்துவிடும்.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, மகள். மகளுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சுத் தொல்லை. தூசி ஆகாது, புகை ஆகாது, குளிர் ஆகாது. முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுவனம் ஒன்றுக்கு வருகிற போன்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. பஸ் ஏன் வரவில்லை என்று ஊரில் உள்ளவர்கள் அத்தனை பேரும் அவளைத் திட்டுவார்கள்; அவளே போய்ச் சக்கரத்தில் ஆணி அடித்தவள் மாதிரி பொறுமையாக மன்னிப்புக் கேட்பாள். வெளியே போய்ப் பார்க்கிற வேலையை அவள் உடம்பு தாங்கவில்லை என்பதால், குரலை வைத்துப் பிழைத்தாள்.

கொட்டகையில் அடுப்புப் பற்றவைத்த முதல் நாளே மனைவி வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

"இந்தப் புகை அவளுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"என் மூக்கு இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் வராது" என்றார் மூக்கர். "போய் வேலையப் பாரு."

அந்த வாக்கின் மேல்தான் அத்தனை வருஷமும் கொட்டகை நின்றது.

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பேர் படுத்தார்கள். மூக்கரின் மனைவிக்கு உடம்பு சுட ஆரம்பித்த அன்றே மகளை அவள் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கட்டிலில் கிடந்து, ஒருவர் மாற்றி ஒருவர் கஞ்சி வைத்துக் குடித்து, ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தார்கள்.

எழுந்ததும் மூக்கர் போனது கொட்டகைக்குத்தான். குழாயின் பொந்துக்குள் பூண்டு எண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்துக் கொடுப்பது அவர் வழக்கம். மீனுக்கு அந்த வாசனை பிடிக்கும். அந்தப் புட்டியைத் திறந்தார். ஒன்றும் இல்லை. மூடியைச் சரியாகத் திறக்கவில்லையோ என்று பார்த்தார். திறந்துதான் இருந்தது. மூக்குக்குள்ளேயே செருகிவிடுவது போலப் பிடித்து இழுத்தார். தண்ணீர்ப் புட்டியை முகர்ந்தது போலிருந்தது. சோப்பை எடுத்து முகர்ந்தார். செருப்பை முகர்ந்தார். மண்ணெண்ணெய்த் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு நின்றார். ஊரே புகழ்ந்த மூக்கு முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டு இருந்தது.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்களுக்கு வாசனையெல்லாம் தெரியுதா? காய்ச்சல்ல சில பேருக்குப் போயிடுதாமே."

"எனக்கென்ன? முன்னவிட ஜோரா இருக்கு" என்றார், செருப்பைக் கீழே போட்டுக்கொண்டே. "உனக்கு?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "எனக்கும்தான்."

அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் கவனிக்கவில்லை. பொய் சொல்லிக்கொண்டு இருப்பவனுக்கு அடுத்தவர் பேச்சில் என்ன காது இருக்கும்?

நாலு நாளில் திரும்பி வந்துவிடும் என்று நம்பினார். வரவில்லை. மகள் மாமா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். படகுக்காரர் சரக்கு கேட்டு ஆள் அனுப்பினார். இனி அடுப்புப் பற்றவைக்காமல் இருக்க முடியாது. உண்மையைச் சொன்னால் மனைவி கொட்டகையை அன்றைக்கே பூட்டிவிடுவாள். தெர்மாமீட்டர் வாங்கலாம். ஆனால் எதற்கு என்று கேட்பார்கள். பத்துப் பேர் முன்னால் திருப்பிக் கொடுத்ததை எந்த முகத்தோடு போய்த் திரும்பக் கேட்பது? மானம் ஒரு பக்கம் இழுத்தது, பயம் ஒரு பக்கம் இழுத்தது. நடுவில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய மூளைக்காரர்தான்.

அந்த வழி அவர் மனைவி. பிளாஸ்டிக் தெளிந்து வரும் நேரத்தில் கூப்பிடுவார்.

"இங்க வாயேன். இந்தப் பச்சை சரியா வந்திருக்கா பாரு."

அவள் வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பாள். அவர் பாத்திரத்தைப் பார்க்க மாட்டார், அவள் முகத்தைப் பார்ப்பார். புருவம் நெருங்குகிறதா, மூக்கு சுருங்குகிறதா, கை முந்தானைக்குப் போகிறதா. எதுவும் இல்லை என்றால் வாடை இல்லை. வாடை இல்லை என்றால் கருகல் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போவாள். அவர் உடம்பு ஒரு சுற்றுத் தளரும். அடுத்த பாத்திரத்துக்கு மறுபடி கூப்பிடுவார்.

"இத்தன வருஷமா என்கிட்ட நிறம் கேக்காத மனுஷன் இப்ப என்ன?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்று மென்று விழுங்கினார். மூக்கைக் காப்பாற்றக் கண்ணைக் காட்டிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் பயந்து பயந்து வாழ்ந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது கை கம்பியில் இருக்கும், காது முன்னறையில் இருக்கும். மகள் இருமினால் கம்பி பாதியில் நிற்கும். தும்மினால் அடுப்பைக் குறைப்பார். குறைத்தால் பிளாஸ்டிக் கெட்டியாகிக் கம்பியில் திட்டுத் திட்டாக ஒட்டும்; கூட்டுவார். கூட்டிவிட்டுப் பயப்படுவார். சமையலறையைக் கடக்கும்போதெல்லாம் கேஸ் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பார். மனைவி பார்த்துவிட்டால், துடைக்கிறேன் என்பார். அவளும் இப்போதெல்லாம் முன்னைப் போல இல்லை. காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்காமல், உதடு மட்டும் அசையக் கொஞ்ச நேரம் படுத்திருப்பாள். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

படகுக்காரர் ஒரு நாள் ஏரிக்கரையில் பிடித்துக்கொண்டார். "என்ன மூக்கரே, இந்தத் தடவ புட்டியோட கவுத்துட்டீங்களா? படகு பூரா பூண்டு நாறுது. மீன் பிடிக்கப் போனவங்க பசியோட திரும்பி வராங்க."

"புது முறை" என்றார் மூக்கர், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. "தூரத்து மீனையும் இழுக்கும்."

படகுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மூக்கரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பூண்டு எண்ணெய்ப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்.

பிறகு பால் விஷயம். சாயங்காலம் மனைவி மூன்று பேருக்கும் பால் கொண்டுவந்து வைத்தாள். மகள் டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டாள்.

"அம்மா, பால் அடிப்பிடிச்சிருக்கு."

மனைவி சட்டென்று கணவனைப் பார்த்தாள். அவர் அதற்குள் பாதி டம்ளரைக் காலி செய்திருந்தார். இந்த வீட்டில் வாடைக்கு நீதிபதி அவர்தானே. இன்னொரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக் கொட்டி, தீர்ப்புச் சொன்னார்.

"நல்லாத்தானே இருக்கு."

"அப்பாவே சொல்லிட்டாரு, குடி" என்றாள் மனைவி. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவர் பார்த்தார். தான் பாராட்டியதற்காக என்று எடுத்துக்கொண்டார். மகள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

வெயில் ஏற ஏற, மகளின் இருமல் கூடியது. கொட்டகையின் காற்றாடி புகையைப் பக்கத்துச் சந்துக்குள் தள்ளும். முன்னறை ஜன்னலும் அந்தச் சந்தைப் பார்த்ததுதான். புழுக்கத்துக்காக அவள் அதை அரைவாசி திறந்து வைத்திருந்தாள். போனில் பேசிக்கொண்டு இருக்கும்போதே மூச்சு இழுக்கும். மன்னிக்கவும் என்று சொல்ல ஆரம்பித்தால், மன்னிக்க என்பதோடு நின்றுவிடும். மேற்பார்வையாளர் ஒரு தரம் கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு எடுத்துக்கொள்ளலாமே என்று இனிப்பாகச் சொன்னார். அந்த இனிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இன்ஹேலரை முன்பெல்லாம் பையில் வைத்திருந்தவள், இப்போது மேசை மேலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, ஏதோ வாடை வருது. காரமா. தொண்டைய அரிக்குது."

மூக்கர் உடனே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு ஏதாவது தெரியுதா?"

மனைவி அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"எனக்கும் ஒண்ணும் இல்லையே" என்றாள் அவள், வேகமாக.

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. தன்னுடைய ‘இல்லை’ பொய். ஆனால் அவளுடைய ‘இல்லை’ உண்மையாயிற்றே. அவளுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் கொட்டகையில் தப்பு இல்லை.

"சந்துல சாக்கடையா இருக்கும்மா" என்றார் மகளிடம். "இல்லன்னா உடம்பு சரியில்லாததால அப்படித் தோணுது. எங்க ரெண்டு பேருக்கும் வரலையே."

இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் ஒருத்தி சொல்வது எங்கே எடுபடும்? அதுவும் அந்த இரண்டு பேரில் ஒருவர் மூக்கராக இருக்கும்போது. மகள் தன் மூக்கையே நம்பாமல் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் வாடை வந்தாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஏரியில் மீன்பிடிப் பருவம் தொடங்கியது. படகுக்காரர் கருப்புக் குழாய் கேட்டார், நிறையக் கேட்டார். கலங்கல் தண்ணீரில் கருப்புதான் எடுபடும். மூக்கருக்குக் கருப்பு என்றாலே உதறல். மற்ற நிறமாக இருந்தால் கருகும்போது கொஞ்சம் பழுப்புத் தட்டும், கண்ணாவது சொல்லும். கருப்பு எதையும் சொல்லாது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இதுவரை எந்த நிறத்துக்கும் அவர் முடியாது என்றதில்லை.

அன்று நல்ல வெயில். தகரக் கூரை காய்ந்து, கொட்டகையே ஒரு அடுப்பாக இருந்தது. கருப்பைக் கரைத்து, முதல் முக்கு முக்கி, கம்பிகளை வரிசையாகத் தாங்கியில் நிறுத்திவிட்டு வருவதற்குள் பாத்திரத்தில் பிளாஸ்டிக் கெட்டிப்பட்டிருந்தது. அடுப்பைக் கூட்டினார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. காற்றாடி ஒரு சுற்று சுற்றி நின்றது. நின்றதை அவர் பார்த்தார். பாதியில் விட்டால் முக்கியதெல்லாம் வீண். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தார். மனுஷன் செய்கிற முட்டாள்தனம் எல்லாமே இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

கண் லேசாக எரிந்தது. தொண்டையில் முடி சிக்கியது போல ஒரு அரிப்பு. வெயிலா, பயமா, வேறெதுவுமா என்று அவருக்குப் புரியவில்லை.

"இங்க வா" என்று கத்தினார். "இந்தக் கருப்பை வந்து பாரு. சீக்கிரம்."

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது. கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது, அதனால்தான் என்று தெரிந்தது. பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். புருவம் நெருங்கவில்லை. மூக்கு சுருங்கவில்லை.

"கருப்புல என்னத்தப் பாக்கறது? கருப்பாத்தான் இருக்கு."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன?"

அவர் கம்பியை எடுத்து முக்கினார்.

மின்சாரம் போனதால் மகளின் போனும் கணினியும் நின்றுபோயிருந்தன. எப்போது வரும் என்று அப்பாவைக் கேட்கலாம் என்று அவள் பின்பக்கம் வந்தாள். அவள் கொட்டகைப் பக்கம் வருவதே இல்லை. சின்ன வயதிலிருந்து வந்த தடை. அன்று வந்து கதவைத் தள்ளினாள்.

தள்ளிய கை அப்படியே நின்றது. மறு கை மூக்குக்குப் போயிற்று. மூக்கர் இத்தனை மாதமாக மனைவியின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தது எல்லாம் மகளின் முகத்தில் ஒரே சமயத்தில் வந்தது.

"என்னப்பா இது" என்றாள். "எப்படி நிக்கறீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள்.

மூக்கர் கையிலிருந்து கம்பி நழுவித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. மனைவிதான் முதலில் அசைந்தாள். அடுப்பை அணைத்தாள், மகளின் தோளைத் தூக்கினாள், இன்ஹேலர், இன்ஹேலர் என்று கத்தினாள். அவர் முன்னறைக்கு ஓடினார். அது மேசை மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது மகளின் உதடு நீலம் தட்டியிருந்தது. ஒரு முறை அழுத்தினார், இன்னொரு முறை. அவள் நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி போகும் வரை மூக்கர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இழும்மா, இழும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதை இழுக்கச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் இழுத்த மூச்சோடுதானே அந்தப் புகையும் உள்ளே போயிருந்தது.

அவசரப் பிரிவில் அவளுக்கு முகமூடி மாட்டினார்கள். புகை மாதிரி மருந்து அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் டாக்டரம்மா வெளியே வந்து, நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் முன்னால் நின்றார்.

"பொழச்சுட்டாங்க. என்ன புகை அது?"

மூக்கர் சொன்னார். குழாய், பிளாஸ்டிக், அடுப்பு, எல்லாம்.

"ஒரு நாள் புகை மாதிரித் தெரியல. ரொம்ப நாளாவே உள்ள போயிருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் வாடையே தெரியலையா?"

"இவருக்குத் தெரியாம இருக்குமா டாக்டர்" என்று மனைவி அவசரமாகச் சொன்னாள். "ஊர்லயே இவர் மூக்கு மாதிரி..." என்று அவர் பக்கம் திரும்பினாள்.

மூக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"தெரியல" என்றார். "காய்ச்சல் வந்துச்சே. அதோட போயிடுச்சு. பூண்டும் தெரியல, பினாயிலும் தெரியல." பிறகு மனைவியைப் பார்த்தார். "அதான் உன்னக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். உன் மூஞ்சி மாறுதான்னு பாத்துத்தான் இத்தன நாளும் செஞ்சேன். உன் மூஞ்சி மாறவே இல்லையே."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அழப்போகிறாளா, அறையப்போகிறாளா என்று தெரியவில்லை.

"எனக்கும்தாங்க தெரியாது" என்றாள் கடைசியில். "எனக்கும் அதே காய்ச்சல்லதான் போச்சு. நீங்க பக்கத்துல நிக்கறீங்களே, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சேன். பால் கருகினாக்கூட நீங்க சொல்லுவீங்கன்னு."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டத்தான் வந்தார் போலிருந்தது, திட்டவில்லை. "அந்தக் காய்ச்சல்ல நிறைய பேருக்கு அப்படி ஆகுது" என்றார். "சில பேருக்குத் திரும்பி வரும். சில பேருக்கு வராது. பொண்ண அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க இப்ப." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மனைவி டாக்டரம்மா போன கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அப்ப இது காய்ச்சலாலதானா?" என்று கேட்டாள்.

"அவங்கதான் சொன்னாங்களே."

"எங்க அக்காவுக்கு முதல்ல வாசனைதான் போச்சு" என்றாள். "அப்புறம் வழி மறந்துச்சு. அப்புறம் என்னையே பாத்து நீ யாருன்னு கேட்டா. நான் உங்களக் கேட்டேன், வாசனை தெரியுதான்னு. ஜோரா இருக்குன்னீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல், உங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப எனக்கு வந்தது காய்ச்சலால இல்ல, அக்காவுக்கு வந்ததுதான்னு முடிவு பண்ணிட்டேன். தெனம் காலையில கண்ணு முழிச்சதும் உங்க பேரையும் நம்ம பொண்ணு பேரையும் மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன். இன்னைக்கு இருக்கா, போயிடுச்சான்னு."

சொல்லிவிட்டு அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மகள் முகமூடியோடு படுத்திருக்க, இந்த நேரத்தில் தனக்கு ஆறுதலாக இருக்கிறதே என்ற வெட்கமும் அந்த அழுகையில் இருந்தது. மூக்கர் அவள் கையைப் பிடிக்கப் போனார். எந்த உரிமையில் பிடிப்பது என்று தெரியாமல் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒரே ஒரு பொய் சொன்னதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டு இருந்தார். அது இந்த வீட்டில் இரண்டு பேர் கழுத்தைப் பிடித்திருந்தது.

கொட்டகையை அந்த வாரமே பிரித்துவிட்டார்கள். மூக்கர் படகுக்காரரிடம் போய், எல்லோர் முன்னாலும், தெர்மாமீட்டரைத் திரும்பக் கேட்டார். படகுக்காரர் கேலி செய்ய வாயைத் திறந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய் எடுத்து வந்தார். இப்போது குழாய்கள் ஏரிக்கரையில், நாலு பக்கமும் திறந்த படகுக் கொட்டகையில் வேகின்றன. பூண்டு எண்ணெயை அளவு கோடு போட்ட புட்டியில் ஊற்றுகிறார். பட்டப்பெயரை யாரும் மாற்றவில்லை. கூப்பிடும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்.

மகள் ஹெட்போனை எடுத்துக்கொண்டு மாமா வீட்டோடு போய்விட்டாள். இருமல் குறைந்துவிட்டது, வேலையும் தப்பித்தது. வீட்டுச் சமையலறைச் சுவரில் கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அதை இருவருமே நம்புவதில்லை. பால் காயும்போது இருவரும் அடுப்பின் இரு பக்கமும் நின்று பார்க்கிறார்கள். வெளியே போகும்போது ஒருவர் மூடிய கேஸ் குழாயை இன்னொருவர் போய்த் திருகிப் பார்க்கிறார். அப்படியும் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். ஒருவரிடம் ஒருவர் மறைக்க இப்போது ஒன்றும் இல்லை. பயம் மட்டும் போகவில்லை. முன்பு ஆளுக்கொன்றாக இருந்தது, இப்போது இருவருக்கும் சேர்த்து ஒன்று.

லீவு நாளில் மகள் வருவாள். வந்ததும் உள்ளே வர மாட்டாள். செருப்பைக் கழற்றாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டி, மெதுவாக ஒரு மூச்சு இழுப்பாள். கூடத்தில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்ப்பார்கள். அவள் சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வரும்.

போன தடவை வந்தபோது அவள் புருவம் லேசாக நெருங்கியது. மூக்கு சுருங்கியது. மூக்கர் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன.

"கேஸாம்மா?" என்றார்.

மகள் இன்னொரு முறை இழுத்தாள். திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள்.

"இல்லப்பா. மழை வரப்போகுது."

வெளியே வெயில் அடித்துக்கொண்டு இருந்தது. மூக்கர் வாசலுக்கு வந்து, பழைய ஞாபகத்தில், மூக்கை ஒரு தரம் உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அதற்குள் மனைவி, ஒரு கேள்வி கேட்காமல், கொடியில் காயும் துணிகளை எடுக்கப் பின்பக்கம் ஓடிவிட்டாள்.